வண்டி ஓடுறப்ப பேசக் கூடாது

வாங்க அம்மிணி, வாங்க. பார்த்து ஏறுங்க, அந்தக் கடைசிப் படி கொஞ்சம் ஆடும். செருப்பைக் கழட்ட வேண்டாம், போட்டுக்கிட்டே வாங்க, தரை சில்லுன்னு கிடக்குது. காரமடையில இருந்து வர்றவிங்களுக்கு இந்த ஊட்டிக் குளிரு ஒத்துக்காது. இந்தாங்க, இந்த மப்ளரைச் சுத்திக்குங்க. நம்ம மெஷின்ல நானே போட்டதுதானுங்க, முன்னால போட்டது. தனபாலு இப்பத்தான் காப்பிக்குத் தொட்டுக்க வர்க்கி வாங்கியாறேன்னு கீழ போனான். சூடா எடுக்கற கடை மார்க்கெட்டுக்கிட்ட இருக்குது, வாங்கிட்டு ஏறி வரக் கொஞ்சம் நேரமாகும். அதுவும் நல்லதுக்குத்தான். பொண்ணு குடுக்கலாமான்னு விசாரிக்க வந்திருக்கீங்க, மாப்பிள்ளைய எதுக்கால உக்கார வச்சுக்கிட்டு மாப்பிள்ளையப் பத்தி எப்படி விசாரிப்பீங்க?

தரகர் ஆறுக்குட்டி எல்லாஞ் சொன்னாருங்க. உங்க தங்கச்சி கலாமணிக்கு முப்பத்தஞ்சு ஆவுது, செவ்வாய் தோஷத்துல தள்ளிப் போயிருச்சு, அப்பன் ஆத்தா இல்ல, நீங்கதான் அவளுக்கு அக்காளும் ஆத்தாளும். என்ற பையனுக்கு இது ரெண்டாங் கல்யாணம்னும் உங்ககிட்டச் சொல்லியிருப்பாரு. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. மொதல்ல ஒருத்தியக் கட்டினான், அவ போயிட்டா, கோர்ட்டுல தீர்ந்துபோச்சு. ஏன் போனான்னு கேட்கத்தான் நீங்க பஸ்ஸேறி வந்திருக்கீங்க. கேட்கோணும். நானா இருந்தாலும் கேட்பேன். பக்கத்து வீட்டுல மேரியக்கான்னு ஒருத்தி இருக்கறா, படியேறுறப்பவே சன்னல்ல நின்னு உங்களைப் பார்த்திருப்பா. அவ வாயில விழறதுக்கு முன்னால நானே சொல்லிப்போடறேன். என்ற வாயில பொய் வராதுங்க.

மொதல்ல மெஷினைப் பாருங்க. இதைப் பத்திச் சொன்னாத்தான் மத்ததெல்லாம் புரியும். இந்த நீளத்துக்கும் வரிசையா நிக்குதே, இதெல்லாம் ஊசி. ஒவ்வொரு ஊசி முனையிலயும் கொக்கி இருக்குது பாருங்க. தொடாதீங்க, தொடாதீங்க. குத்துனாக்கூடப் பரவால்ல, இழுத்தாத்தான் கிழிச்சுப்போடும். மேல உக்காந்திருக்கற இதுக்குப் பேரு வண்டி. இதைப் பிடிச்சு இந்தக் கடைசிக்குத் தள்ளினா ஒரு வரிசை, அந்தக் கடைசிக்கு இழுத்தா இன்னொரு வரிசை. அடியில தொங்குதே இரும்புக் குண்டு, அது துணிய இழுத்துப் பிடிக்கறதுக்கு. சாக்ஸ், கிளவுஸ், குரங்குக் குல்லா, கைப்புள்ளைக்குப் போடற செருப்பு மாதிரி ஒண்ணு, எல்லாம் இதுலதான். இந்த ஊருக்கு வந்த நாளா எனக்குச் சோறு போடறது இதுதானுங்க.

என்ற வூட்டுக்காரரு வாங்கிக் குடுத்தது. அவரு கோவக்காரரு, இல்லைங்கல. ஒருக்கா கொழம்புல உப்பு இல்லைன்னு என்ற கையைப் பிடிச்சு முறுக்கினாரு, முழங்கைக்கிட்ட படக்குன்னு ஒரு சத்தம். கட்டுப் போட்டுக்கிட்டு நான் மூலையில உக்காந்திருக்கறதப் பார்த்து மனசு கேட்காம, குன்னூர்ல ஒரு வெள்ளைக்காரி வீட்டைக் காலி பண்ணப்ப ஏலத்துல இருந்து தூக்கியாந்தாரு. ‘மயிலு, இதுக்கு ஒரு கை நல்லா இருந்தாப் போதும், இழுக்கறதும் தள்ளறதுந்தான்’னாரு. எம்புட்டுப் பாசம் பாருங்க! அவரு போயி இத்தனை வருசம் ஆச்சு, அந்த வார்த்தைய நெனைச்சா இப்பவும் கண்ணு கலங்குது.

ஒரு நா அந்த இரும்புக் குண்டுல ஒண்ணை எடுத்து என்ற மேல வீசிப்போட்டாரு. இங்க, முடியை விலக்கினாத் தெரியும், குழியாட்டம் இருக்கும். ஆனா ஒண்ணு சொல்லோணுமுங்க, மெஷினை ஒரு நாளும் தொட்டதில்ல. அது மேல ஒரு கீறல் விழ விட்டதில்ல. அந்த மட்டுக்கும் அவரு தங்கமான மனுசன்.

எண்ணறதப் பத்திச் சொல்லோணுமே, அதுதான் முக்கியம். எத்தனை வரிசை போச்சுன்னு காட்டற கருவி ஒண்ணு இதுல இருந்துச்சு, அது என்னைக்கோ கெட்டுப்போச்சு. அதனால வாயிலதான் எண்ணோணும். கிளவுஸ்ங்கறது மத்தது மாதிரி இல்லீங்க. மணிக்கட்டுல இருந்து உள்ளங்கை வரைக்கும் ஒண்ணா வரும், அதுக்கு மேல விரல் விரலாத் தனித்தனியாப் போடோணும். ஒரு விரல் போடறப்ப மத்த விரலுக்கான கண்ணி, அதான் இந்த நூல் வளையம், எல்லாம் சும்மா ஊசியில தொங்கிக்கிட்டு நிக்கும். ஒரு வரிசை எண்ணிக்கை தப்புனா இடது கை கட்டைவிரலு நீண்டுபோவும், வலது கைக்கு ஒத்து வராது, கடைக்காரன் மூஞ்சியில எறிவான். அதனால எங்கூட்டுல ஒரு சட்டம். வண்டி ஓடுறப்ப பேசக் கூடாது. ஆரு கூப்பிட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. வீடே தீப்பிடிச்சாலும் வரிசைய முடிச்சுட்டுத்தான் எந்திரிக்கோணும். என்ற வூட்டுக்காரரே அடிக்க வந்தா வண்டி நிக்கற வரைக்கும் காத்துக்கிட்டு நிப்பாரு. நின்னதுக்கப்புறந்தான் அடிப்பாரு. தொழிலுக்கு அம்புட்டு மரியாதை குடுத்த மனுசன்.

காப்பி குடிங்க, ஆறுது.

சுகந்திதானுங்க அவ பேரு, மொதல் மருமவ. கூடலூர்ப் பொண்ணு. அப்பன் இல்ல, அண்ணன் ஒருத்தன், மர டிப்போவுல வேலை. நல்ல நெறமா இருப்பா. கை அப்படியே வெண்டைக்காயாட்டம் நீளமா இருக்கும். பொண்ணு பாக்கப் போனப்பவே நான் கையைத்தான் பார்த்தேன். அண்ணங்காரன் சீரு செஞ்சப்ப, ‘அத்தைக்கு ஒத்தாசையா இருக்கட்டும்’னு இன்னொரு பழைய மெஷின் வாங்கிக் குடுத்தான். அது கொஞ்சம் முரடு, தடிச்ச நூலுதான் ஓடும், குல்லாவுக்கு ஆவும். கிளவுஸுக்கு என்ற மெஷின்தான். ரெண்டையும் இந்தச் சன்னலுக்குக் கீழ பக்கம் பக்கமாப் போட்டிருந்தோம்.

வேலை படிச்சா பாருங்க, அப்படிப் படிச்சா! நான் ஒரு தடவை காட்டினாப் போதும். வந்த பனிக்காலத்துலயே விரல் போடக் கத்துக்கிட்டா. எண்ணிக்கை தப்பவே தப்பாது. உதடு மட்டும் மெல்ல அசையும், சத்தம் வெளிய வராது. ‘எண்ணறப்ப சாமியே வந்து கூப்பிட்டாலும் திரும்பக் கூடாதுடி’ன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். சொன்னபடி நடந்தா. அதுல நான் குறை சொல்லவே மாட்டேன்.

குறை வேறங்க. அவளுக்கு அழுவத் தெரியாது.

சிரிக்காதீங்க, நெசமாச் சொல்றேன். கட்டின புதுசுல தனபாலு ரெண்டு அறை விட்டான், ஆரு விடல? டூரிஸ்ட் ஜீப் ஓட்டறவன், நாளெல்லாம் கண்டவன் பேச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு வர்றான், வீட்டுக்கு வந்தாக் கை நீளத்தான் செய்யும். பொம்பள அழுதுட்டா ஆம்பளைக்கு அதோட ஆறிப்போவும். நானெல்லாம் அந்தக் காலத்துல மொத அடியிலயே ஓன்னு அழுதுப்போடுவேன், ரெண்டாவது அடிக்கு வேலையே இருக்காது. அவகிட்டச் சொன்னேன், ‘அடியே, அழுதுரு, அதுதான் வழி’ன்னு. கேட்டாளா? நின்னுக்கிட்டே பார்ப்பா. அப்படியே கண்ணை அவன் மேல வச்சுக்கிட்டு நிப்பா. ஒரு நா ஜீப் சாவியை வச்சு அவ புருவத்துல இழுத்துப்போட்டான், ரத்தம் கண்ணுல இறங்குது, தொடைக்கக்கூட இல்ல, பார்த்துக்கிட்டே நிக்கறா. இன்னொரு நா இந்தப் படியில முடியப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான், கீழ வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. அப்படி இருந்தா எந்த ஆம்பளைக்குத்தான் கோவம் அடங்கும்? நீங்களே சொல்லுங்க.

சரி, கேளுங்க.

போன வருசத்துக்கு முந்தின வருசம் பூக்காட்சி சமயம். ஊருல கால் வைக்க இடமில்ல. கீழ இருந்து வர்ற சனங்க அரைக்கைச் சட்டையோட வந்து எறங்கிட்டு, பொழுது சாஞ்சதும் வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு வுல்லன் கடைக்கு ஓடுவாங்க. பார்க்குக்கிட்டக் கடை வச்சிருக்கற நசீர் பாய் சின்னப் புள்ளைங்க கிளவுஸ் வேணும்னு சொல்லியிருந்தாரு, அன்னைக்குச் சாயங்காலமே குடுக்கோணும். காத்தாலருந்து ரெண்டு பேரும் எந்திரிக்கல. அவ என்ற மெஷின்ல கிளவுஸ், நான் அவ மெஷின்ல குல்லா. ரெண்டு வண்டியும் சர்ரு சர்ருன்னு ஓடுது. நல்ல வெயிலு அன்னைக்கு. அந்த மாதிரி வெயிலு ஊட்டியில அபூர்வம்.

உச்சி வேளைக்குத் தனபாலு வந்தான். எங்கேயோ ஜீப்ப நிறுத்தினதுக்குப் போலீஸ்காரன் நாலு பேருக்கு முன்னால சட்டையப் பிடிச்சிருக்கறான். மூஞ்சி செவந்து கிடந்துச்சு. செருப்பக்கூடக் கழட்டல. ‘சோறு போடு’ன்னான். அவ கட்டைவிரல் போட்டுக்கிட்டிருக்கறா. உதடு அசையுது. திரும்பல. ‘ஏய், உன்னத்தான்’னான். அப்ப அவ என்ன செஞ்சாத் தெரியுமுங்களா? வண்டியை ஒரு கையில தள்ளிக்கிட்டே, மறு கையத் தூக்கி ஒத்த விரலைக் காட்டினா. இருன்னு.

கட்டின புருசனுக்கு விரலைக் காட்டறதா?

அவ தப்பா நெனச்சுக் காட்டல, அது எனக்குத் தெரியும். நான் சொல்லிக் குடுத்த சட்டந்தான். ஆனா அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் சின்ன வயசுலருந்து இந்த வீட்டுலதான் வளந்தான், சட்டம் தெரியாமல்ல, அன்னைக்கு அவனுக்குத் தெரியல. அம்புட்டுக் கோவம். ‘எனக்கு விரலையாடி காட்டறே’ன்னு ஒரே எட்டுல பக்கத்துல வந்துட்டான்.

இப்ப அவ செஞ்ச தப்பைச் சொல்றேன். வேற எந்தப் பொம்பளையா இருந்தாலும் என்ன செய்வா? கையைத் தூக்கித் தலைய மறைப்பா, இல்லாட்டி எந்திரிச்சு ஓடுவா. இவ என்ன செஞ்சா, அவன் மெஷின் மேல கை வைக்கப் போறான்னு தெரிஞ்சதும், ரெண்டு கையையும் கொண்டுபோயி ஊசி மேல வச்சு மூடிக்கிட்டா. மத்த விரலோட கண்ணியெல்லாம் தொங்கிக்கிட்டு நிக்குதுன்னு சொன்னனே, அது வுழுந்துரக் கூடாதுன்னு. தலைய விட்டுப்போட்டுக் கிளவுஸக் காப்பாத்துறா! இவன் வண்டியப் பிடிச்சு ஒரே தள்ளாத் தள்ளினான். அது கனமான இரும்பு, வேகமாப் போனா நிக்காது. இடது கைய வாரிக்கிட்டுப் போச்சு. விரலெல்லாம் ஊசிக்கும் வண்டிக்கும் நடுவுல சிக்கிருச்சு.

அப்பவும் அழுவல. நான் இங்கிருந்து பாக்கறேன், உதடு அசையுது. எண்ணிக்கிட்டு இருந்தா அம்மிணி. கை போயிருச்சு, அப்பவும் எண்ணிக்கிட்டு இருந்தா. எனக்கு இன்னைக்கும் அந்த உதடு கண்ணு முன்னால நிக்குது.

நான் ஏன் எந்திரிக்கலைன்னு கேட்கறீங்களா? கேளுங்க. மேரியக்காவும் அதத்தான் கேட்டா, அவ அண்ணனும் கேட்டான், கோர்ட்டுல அவ பக்கத்து வக்கீலம்மாளும் கேட்டா. எல்லாருக்கும் நான் ஒரே பதிலத்தான் சொன்னேன். நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். குல்லாவுக்கு மேல குறைக்கற இடம் அது, ஒவ்வொரு வரிசைக்கும் கண்ணி குறையோணும், அங்க விட்டா மொத்தமும் போச்சு. சாயங்காலம் பாய்க்கு என்ன சொல்றது? முடிச்ச உடனே தலையத் தூக்கிக் கத்தினேனே! ‘டேய், இழுக்காதடா, ஊசி வளைஞ்சுரும்’னு கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அதுக்குள்ள அவன் அவ மணிக்கட்டப் பிடிச்சு வெளிய இழுத்துட்டான்.

கொக்கி வச்ச ஊசிங்க. இழுத்தா என்ன ஆவும்னு மொதல்லயே சொன்னேன்.

சட்டுனு காப்பித்தூள எடுத்து அமுக்கினேன். வெள்ளை நூலுல அரை கிளவுஸு தொங்கிக்கிட்டு இருந்துச்சே, அது செகப்பாயிருச்சு. வெட்டி எறிஞ்சேன், வேற என்ன செய்யறது? மிச்சத்த நானே உக்காந்து முடிச்சுப் பொழுதுக்குள்ள பாய்கிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன். வந்து பார்த்தா இவன் அழுதுக்கிட்டு இருக்கறான். ஆமாங்க, தனபாலு. அவ காலைக் கட்டிக்கிட்டு, ‘கோவத்துல பண்ணிப்போட்டேன் சுகந்தி’ன்னு அழுவறான். கல் நெஞ்சக்காரனா இருந்தா அழுவானா? அவ அப்பவும் செவுத்தப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறா. ஒரு வார்த்தை, ‘பரவால்லீங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவ்வளவு நெஞ்சழுத்தம்.

ரெண்டு நாள்ல கை வீங்கிருச்சு. மஞ்சள் வச்சுக் கட்டினேன். கேட்கல. கருக்க ஆரம்பிச்சது. சீசன் முடியட்டும், கோயமுத்தூருக்கே கூட்டிட்டுப் போயிப் பெரிய டாக்டரப் பார்த்துப்போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மேரியக்கா மூக்கை நுழைச்சா. நான் கடைக்குப் போன நேரம் பார்த்து அவள ஆட்டோவுல ஏத்திட்டுப் போயிட்டா ஆஸ்பத்திரிக்கு. அங்க ரெண்டு விரல எடுக்கோணும்னுட்டாங்க. மோதிர விரலு பாதி, சுண்டு விரலு முழுசு. எப்படி ஆச்சுன்னு கேட்டா மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லச் சொல்லி நான்தான் ஆளனுப்பினேன். அது பொய்யா? மெஷின்லதான மாட்டுச்சு?

அவ அப்படியே சொன்னா. அதுக்கு நான் அவளக் கையெடுத்துக் கும்புடோணும். ஆனா மேரியக்கா சும்மா இருப்பாளா? கூடலூருக்குப் போன் போட்டா. அண்ணங்காரன் மூணு பேரக் கூட்டிக்கிட்டு வந்தான். இந்த வாசல்லதான். வந்ததும் வராததுமாத் தனபாலுவச் சட்டையப் பிடிச்சு அந்தச் செவுத்துல மோதினான், தலை கிர்ருன்னு சுத்தி இவன் கீழ வுழுந்துட்டான். எந்திரிச்சவன் ஜீப்புல இருந்து ஜாக்கி ராடை எடுத்துட்டு வந்து அண்ணங்காரன் தாடையில ஒண்ணு வச்சான் பாருங்க, பல்லு ரெண்டு இங்க, இந்தப் படியில வந்து வுழுந்துச்சு. நானே கூட்டிப் பெருக்கினேன். ஸ்டேஷன்ல ரெண்டு பக்கத்தையும் உக்கார வச்சுச் சமாதானம் பேசி அனுப்பிட்டாங்க. அவ அண்ணனோடயே போயிட்டா. போறப்ப அந்தப் பழைய மெஷினையும் தூக்கி வண்டியில ஏத்திக்கிட்டாங்க. அது அவிங்களுதுதான், நான் வேண்டாங்கல.

என்ற மெஷினைப் பாருங்க. வாங்க, இங்க வந்து பாருங்க. இந்த வலது பக்கம் ஊசி இல்லாம வெறுமனே கிடக்குதில்ல? இத்தனையும் வளைஞ்சுபோச்சு. ஜப்பான்ல செஞ்ச மெஷினு, இப்ப இந்த ஊசி வர்றதே இல்லையாம். கோயமுத்தூர், திருப்பூர், எங்கெங்கேயோ ஆள் விட்டுக் கேட்டுப்போட்டேன். ஒருத்தன் பட்டறையில வச்சுத் தட்டிக் குடுத்தான், கண்ணி நிக்கல, நழுவிப்போவுது. இப்ப மப்ளர் போட முடியாது, பெரியவிங்க குல்லா போட முடியாது. இந்த இடது பக்கத்துல இருக்கற ஊசியை வச்சுச் சின்னச் சாமானுதான், கிளவுஸு, சாக்ஸு, அவ்வளவுதான். விரலு ஆறிருச்சு. ஊசி ஆறுமா? இத ஆரு கேட்டாங்க, சொல்லுங்க? அந்த வக்கீலம்மா கேட்டாளா? சுகந்திக்கு என்ன ஆச்சு, சுகந்திக்கு என்ன ஆச்சுன்னுதான் எல்லாரும். எனக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரு கேட்கல.

ஆனா எனக்கு அவ மேல கோவமில்லீங்க. அதை நீங்க நம்போணும். விவாகரத்துக் கேஸ் நடந்துக்கிட்டு இருந்தப்பவே நான் கூடலூருக்குப் போனேன். வெறுங்கையோட போவல. அவளுக்குன்னு ஒரு ஜோடி கிளவுஸு போட்டு எடுத்துட்டுப் போனேன். நல்ல நீலம், அவளுக்குப் பிடிச்ச நெறம். வலது கைக்கு எப்பவும் போல. இடது கைக்கு மோதிர விரலப் பாதியில முடிச்சுட்டேன், சுண்டு விரலே வைக்கல, பக்கத்துல வழுவழுன்னு மூடிட்டேன். எம்புட்டு நேரமாச்சுத் தெரியுமுங்களா அதுக்கு? அளவு எடுக்காமயே போட்டேன், அவ கை எனக்குத் தெரியாதா? சாதா கிளவுஸப் போட்டா அந்த இடத்துல தொளதொளன்னு காலியாத் தொங்கும், நாலு பேரு கேட்பாங்க. இதப் போட்டா ஒருத்தரு கண்ணுக்கும் தெரியாது. இந்த மாதிரி எந்த மாமியாக்காரியாச்சும் செய்வாளா?

வாசல்ல உக்கார வச்சா. தண்ணி குடுத்தா. கிளவுஸ வாங்கிப் பார்த்தா, திருப்பித் திருப்பிப் பார்த்தா. இடது கைய உள்ள விட்டா. கச்சிதமா உக்காந்துச்சுங்க, ஒரு நூலு கூடக் குறைய இல்ல. எனக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு. சரி, மனசு இறங்கிட்டா, கூட்டிட்டுப் போயிரலாம்னு நெனச்சேன். அப்புறம் கழட்டினா. பல்லால முடிச்சைக் கடிச்சா. நூலோட முனையப் பிடிச்சு இழுத்தா.

என்ற கண்ணு முன்னாலயே பிரிச்சா. விரல் விரலா, வரிசை வரிசையாப் பிரிச்சா. ரெண்டு கையையும். அந்த மிச்சமிருக்கற விரல்ல நூலச் சுத்திச் சுத்தி உருண்டை பண்றா, அவசரமே இல்ல. உதடு அசையுது. நான் போட்ட ஒவ்வொரு வரிசையையும் எண்ணிக்கிட்டே பிரிக்கறா. ‘சுகந்தி, வேண்டாமடி’ன்னேன். ‘அடியே, என்னத்துக்குடி’ன்னேன். காதுல வாங்கல. பிரிச்சு முடிச்சு அந்த உருண்டைய என்ற மடியில வச்சா. ‘உங்க நூலு’ன்னா. அம்புட்டுத்தான். இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து அவ என்னைய எதுத்துப் பேசினது அந்த ரெண்டு வார்த்தைதான். பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் எனக்கு அழுகை. எம்புட்டுத் திமிரு இருந்தா அப்படிச் செய்வா!

இதுதானுங்க நடந்தது. மேரியக்கா வேற மாதிரி சொல்லுவா, நீங்க நம்ப வேண்டாம்.

தனபாலு இப்ப எவ்வளவோ மாறிட்டான். குடிக்கறதில்ல, எப்பவாச்சும் சவாரி இல்லாத நாள்லதான். கோவிலுக்குப் போறான். உங்க தங்கச்சிய ராணியாட்டம் வச்சுக்குவான். மெஷின் வேலை தெரிஞ்சாத் தெரியட்டும், தெரியாட்டி நான் கத்துக் குடுக்கறேன். நகை வேண்டாம், சீரு வேண்டாம், கட்டின சீலையோட அனுப்புங்க. கலாமணிக்குன்னு இப்பவே ஒரு ஜோடி கிளவுஸு ஆரம்பிச்சுட்டேன், பாருங்க, மெஷின்ல தொங்குது. ஆமா, அதே நூலுதான். நல்ல நூலுங்க, வீணாக்கலாமா? உள்ளங்கை வரைக்கும் வந்துருச்சு, விரலுக்குத்தான் அளவு வேணும். அக்கா தங்கச்சி கை ஒரே மாதிரிதான இருக்கும்? இப்படிக் குடுங்க உங்க கையை. விரிங்க. இன்னும் நல்லா விரிங்க. அட, நல்ல நீளமான கை. ஏன் இப்படிச் சில்லுன்னு கிடக்குது?

என்ன, அங்க என்ன பாக்கறீங்க? கழுத்தா? ஒண்ணுமில்லீங்க, குனிஞ்சதுல சீலை விலகிருச்சு. பனியில தோலு கருத்துப்போயிருக்குது. வயசானா அப்படித்தான். இல்லீங்க, விரல் தடமெல்லாம் இல்ல, அது என்ன பேச்சு? தொடாதீங்க. தொடாதீங்க அம்மிணி, வலிக்குது.

உக்காருங்க. எங்க எந்திரிக்கறீங்க? காப்பி அப்படியே இருக்குது. உக்காருங்கன்னா. சரி, நின்னுக்கிட்டே கேளுங்க. அவன் என்னைப் பெத்த ஆத்தான்னுதான் பார்த்தான், சுகந்தி இருந்த வரைக்கும் என்ற மேல ஒரு விரல் வச்சதில்ல. ஒரு சுடுசொல்லு சொன்னதில்ல. அவ போன பொறவுதான். வீட்டுல வேற ஆரு இருக்கறா? வர்ற கோவத்தை அவன் எங்க கொண்டுபோயிக் கொட்டுவான்? இன்னொருத்தி வந்துட்டா எல்லாஞ் சரியாயிரும், அவன் பழையபடி என்னைய ‘அம்மா’ன்னு கூப்பிடுவான். மாட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க. நீங்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டா, அவன் வந்ததும் எங்கிட்டத்தான் கேட்பான், நீ என்னடி சொல்லித் தொலைச்சேன்னு.

கலாமணி சின்ன வயசு, அவ தாங்குவா. என்னால இனிமே தாங்க முடியாதுங்க.